தூசியில்லாத டிஸ்க்

1. வியாழக்கிழமை வந்த போன்

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து அலமேலு அக்கா போன் செய்தபோது நான் ஒடுகத்தூர் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

“மிஷின் மறுபடியும் நின்னுபோச்சு கவிதா. அதே எழுத்துதான் வருது.”

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’, அதாவது மிஷின் எழுந்திருக்கச் சரியான டிஸ்க் கிடைக்கவில்லை. நான்கு மாதத்தில் இது நான்காவது முறை. நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். எங்கள் கடை ஜாப் கார்டில் முதல் கேள்வி ‘புதிதாக என்ன செய்தீர்கள்?’ என்பது. அதைக் கேட்டேன்.

“புதுசா ஒண்ணியும் பண்ணலம்மா. எப்பவும் பண்றதுதான்.”

எழுதிக்கொண்டேன். முந்தைய மூன்று பக்கங்களிலும் இதே பதில்தான் இருந்தது. ஞாயிறு கழித்து வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“சனிக்கிழம கூட்டம். என்னிய எடுத்துட்டு வேற ஆளப் போடப் போறாங்க. போட்டா போட்டுட்டுப் போவட்டும். ஆனா லிஸ்ட்ட மாத்தறதுக்குத்தான் அவ மிஷின நிறுத்தி வெக்கிறான்னு சொல்றாங்க. அந்தப் பேரோட நான் இங்க எப்டிம்மா இருக்கறது?”

அது எந்த லிஸ்ட் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே நான்கு குக்கிராமங்கள் சேர்ந்து நில உரிமைக்காக ஒரு குழு வைத்திருக்கின்றன. எந்தக் குடும்பம் எந்த நிலத்தை உழுகிறது, எல்லை எது, அதற்கு என்ன சான்று என்று வீடு வீடாகப் போய்ச் சேகரித்து, பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்து, போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். அதை டைப் செய்து பராமரிக்கிறவர் அலமேலு அக்கா. நான்கு ஊர் நிலமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதால் ஒரு ஊரின் எல்லை ஒரு அடி நகர்ந்தால் பக்கத்து ஊருக்கு ஒரு அடி போய்விடும். ஆகவே ‘லிஸ்ட்டை மாத்தறா’ என்ற பேச்சு அங்கே சின்னப் பேச்சு அல்ல.

சனிக்கிழமை காலையிலேயே வருகிறேன் என்றேன்.

2. கடையில் நான் செய்த வேலை

கதை அதற்கு ஐந்து மாதம் முன்பு தொடங்குகிறது. அந்தக் கம்ப்யூட்டரை ஒரு கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக் கடைக்கு இறக்கியிருந்தார்கள். ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு ஸ்லோ. கடை ஓனர் குமரேசன் அண்ணன் பார்த்துவிட்டு, புதிதாக எஸ்எஸ்டி என்ற வேகமான சின்ன டிஸ்க் ஒன்று போட்டு அதில் விண்டோஸ் ஏற்று, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே டேட்டாவுக்கு விட்டுவிடு என்றார். சரியான யோசனைதான். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நான் செய்தது இது. பழைய டிஸ்க் ஏற்கெனவே மாட்டியிருந்தது. பக்கத்து போர்ட்டில் எஸ்எஸ்டியை மாட்டினேன். பென் டிரைவில் இருந்து விண்டோஸ் இன்ஸ்டால் ஓட்டினேன். எங்கே ஏற்றுவது என்று கேட்டபோது எஸ்எஸ்டியைக் காட்டினேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தேன், பளிச்சென்று வந்தது. நோட்டில் ‘ஓகே’ என்று எழுதி வட்டம் போட்டேன்.

மிஷினைத் திரும்ப மலைக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். குழு ஆபீஸ் என்பது பால் சொசைட்டியை ஒட்டிய ஒற்றை அறை. நான்கு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து காட்டினேன். சின்னதாக இருப்பது எஸ்எஸ்டி, விண்டோஸ் அதில் இருக்கிறது. பெரிதாக இருப்பது பழைய டிஸ்க், உங்கள் ஃபைல் எல்லாம் அதில் இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரரான பொன்னுசாமி ஐயா குனிந்து உள்ளே உற்றுப் பார்த்தார்.

“இத்த எடுத்துட்டாலும் மிஷின் ஓடுமா?” என்று பெரிய டிஸ்க்கைக் காட்டிக் கேட்டார்.

“ஓடும்ங்க,” என்றேன்.

எடுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. தெரியும் என்ற நினைப்பில் சொன்னேன். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது, ஆகவே ஓடும். கணக்கு நேராகத்தானே இருக்கிறது.

3. மூன்று பயணங்கள்

அடுத்த மாதம் முதல் போன் வந்தது. இரண்டு பஸ் மாறி, அப்புறம் ஷேர் ஜீப்பில் மற்றவர்களோடு நெருக்கி உட்கார்ந்து போனேன். ஆபீசுக்குள் நுழைந்து பட்டனை அழுத்தினேன். ஓடியது. விண்டோஸ் வந்து நின்றது.

இந்த வேலையில் இதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது. கெட்டுப்போன மிஷினைச் சரிசெய்யலாம். நன்றாக ஓடுகிற மிஷினில் என்ன செய்வது? மூன்று பயணத்திலும் நான் செய்தவற்றை என் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன்.

முதல் முறை: இரண்டு டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் மாற்றினேன். லூஸ் காண்டாக்ட் என்று எழுதினேன்.

இரண்டாம் முறை: மதர்போர்டின் சின்ன பேட்டரியை மாற்றினேன். அது தீர்ந்தால், ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் என்ற புரோகிராமுக்கு அதன் செட்டிங் மறந்துபோகும், எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது என்ற வரிசை கலைந்துபோகும். காரணம் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு இறங்கினேன்.

மூன்றாம் முறை: பவர் சப்ளையை மாற்றினேன். பழைய டிஸ்க்குக்கு முழு டெஸ்ட் போட்டேன். ஒரு குறையும் இல்லை. ‘வோல்டேஜ்?’ என்று கேள்விக்குறியோடு எழுதினேன். எழுத வேறு ஒன்றும் இல்லாதபோது நாங்கள் எழுதுவது அது.

மூன்று முறையும் நான் இறங்கிய பிறகு மறுபடி நின்றுபோனதாகப் போன் வரும். குமரேசன் அண்ணன் கடையில் சிரிப்பார்.

“உன்னப் பாத்தா மட்டும் ஓடுது கவி. பேசாம உன் போட்டோ ஒண்ணு அங்க மாட்டிட்டு வந்துடு.”

நோட்டில் இன்னும் மூன்று விஷயங்கள் இருந்தன. கண்ணால் பார்த்து, கையால் எழுதி, எதுவும் யோசிக்காமல் விட்டவை.

கேபினெட் கதவின் இரண்டு திருகில் ஒன்று எப்போதும் கையால் திருகியதுபோல் லேசாக இருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கிவிட்டுப் போவேன். அடுத்த முறை மறுபடி லேசாக இருக்கும்.

மிஷினுக்குள் செம்மண் தூசி ஃபேனிலும் மதர்போர்டிலும் மாவு போல் படிந்திருந்தது. பழைய டிஸ்க் மேல் மட்டும் தூசியே இல்லை. ‘டிஸ்க் சுத்தமாக உள்ளது, நல்லது’ என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அந்த வரியைப் படித்தால் சிரிப்பு வருகிறது.

ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் மடியில் பையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறை ஒரு பெண், ஒரு முறை வயதான ஒருவர், ஒரு முறை ஒரு இளைஞர். யாரும் பேச மாட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

4. பையோடு யாரும் இல்லை

சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க மழை. ஜீப்பை இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளும்படி ஆனது. கூட்டம் பன்னிரண்டு மணிக்கு.

அலமேலு அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தார். சுவரோரம் யாரும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் நலம் விசாரிக்கத் தோன்றவில்லை. நேராகப் பட்டனை அழுத்தினேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. நான்கு மாதமாகத் தேடிய கோளாறை முதல் முறையாக நேரில் பார்க்கிறேன். கதவைத் திறந்தேன். பெரிய டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் டிஸ்க் இல்லை. டேட்டா கேபிளும் பவர் கேபிளும் அந்தரத்தில் தொங்கின.

திருடு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று வருட உழைப்பு அதில் இருக்கிறது. திரும்பி அவரிடம் கேட்டேன்.

“அக்கா, டிஸ்க் எங்க?”

“முறை வூட்ல கீது,” என்றார், கேட்கவே தேவையில்லாத ஒன்றைக் கேட்டதுபோல. “இந்த மாசம் பொன்னுசாமி மாமா வூட்டு முறை. ஓடையில தண்ணி ஏறிப்போச்சு, காலைல அவரால வர முடியல. நீ வர்றதுக்குள்ள எடுத்தாரச் சொல்லியிருந்தேன்.”

அப்புறம்தான் முழுவதும் சொன்னார். நான்கு ஊருக்கும் பொதுவான ஒரு கோயில் இருக்கிறது. அம்மனின் நகைப் பெட்டி ஒரு ஊரில் இருக்கும், அதன் சாவி வேறொரு ஊரில் இருக்கும். இரண்டும் முறை வைத்து வீடு மாறும். பெட்டி வைத்திருப்பவரால் திறக்க முடியாது. சாவி வைத்திருப்பவரிடம் பெட்டி இருக்காது. நான்கு ஊரும் கூடினால்தான் இரண்டும் ஒரே இடத்துக்கு வரும். அங்கே இதுவரை நகை காணாமல் போனதாக ஒரு பேச்சு வந்தது கிடையாது.

நில லிஸ்ட்டையும் அதே மாதிரி வைத்துக்கொள்வது என்று குழு முடிவு செய்திருக்கிறது. மிஷின் ஆபீசில். டிஸ்க் முறை வீட்டில். மாதக் கூட்டத்தில் இரண்டும் சேரும், எல்லோர் முன்னாலும் லிஸ்ட்டைத் திறந்து, திருத்தி, படித்துக் காட்டி, மறுபடி டிஸ்க்கைக் கழற்றி அடுத்த முறைக்காரரிடம் கொடுப்பார்கள். நடுவில் கடிதம் அடிக்க, படிவம் நிரப்ப அலமேலு அக்காவுக்கு மிஷின் வேண்டும். அது டிஸ்க் இல்லாமலே ஓடும். அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன்.

“நீதானம்மா சொன்ன, எடுத்துட்டாலும் ஓடும்னு. அதனாலதான் இந்த ஏற்பாடே. அதுக்கு முந்தி முழு மிஷினையும் மூட்ட கட்டி வூடு வூடா தூக்கலாமான்னு பேசிக்கினு இருந்தாங்க.”

நான் வருகிறேன் என்றால் முறைக்காரர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வந்துவிடுவார். ரிப்பேருக்கு ஆள் வரும்போது மிஷின் முழுசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மாட்டிவிட்டு, நான் முடிக்கும்வரை உட்கார்ந்து பார்ப்பார். நான் ஜீப் ஏறியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

“ஏன்க்கா எங்கிட்ட இதச் சொல்லவே இல்ல?”

“நீ புதுசா என்னன்னுதானே கேட்ட? இது புதுசு இல்லியே. மாசா மாசம் பண்றது. அதுவுமில்லாம, ஊருக்குள்ள ஒருத்தர ஒருத்தர் நம்பாம வெச்சிக்கிற ஏற்பாட்ட வெளியாள்கிட்ட எப்டிச் சொல்றது?” என்றார்.

இப்போது ஊர்ச் சந்தேகமும் எனக்குப் புரிந்தது. டிஸ்க் உள்ளே இருந்தால் மிஷின் ஓடுகிறது. டிஸ்க் வெளியே போனால் நிற்கிறது. டிஸ்க் எடுத்தாலும் ஓடும் என்று சர்வீஸ்காரப் பெண் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் டிஸ்க் இல்லாத நேரத்தில் மிஷினோடு தனியாக இருக்கிறவர்தான் ஏதோ செய்கிறார், ரிப்பேர் சாக்கில் கூட்டமில்லாத நாளில் டிஸ்க்கை ஆபீசுக்கு வரவழைத்து லிஸ்ட்டை மாற்றத்தான். அவர்கள் யோசித்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் கொடுத்த முதல் வரியில் இருந்தது.

5. பூட் ஃபைல் இருந்த இடம்

இரண்டு டிஸ்க் உள்ள மிஷினை எடுத்து வேலை செய்யப் போகிறவர்கள் இதை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் நேராக எழுந்து வராது. பயாஸ் முதலில் ஒரு டிஸ்க்கில் பூட் ஃபைல் என்ற சின்னத் துண்டைத் தேடும். அந்தத் துண்டுதான் ‘விண்டோஸ் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று சொல்லி எழுப்பிவிடும். விண்டோஸ் ஓர் இடத்திலும் அந்தத் துண்டு வேறோர் இடத்திலும் இருக்கலாம். இன்ஸ்டால் செய்யும்போது பழைய விண்டோஸ் இருந்த டிஸ்க்கும் மாட்டியிருந்தால், ஏற்கெனவே அங்கே ஒரு பூட் பகுதி இருக்கிறதே என்று இன்ஸ்டாலர் புதிய பூட் ஃபைலையும் அதிலேயே எழுதிவிடும். நம்மிடம் கேட்காது. ஸ்கிரீனில் காட்டவும் காட்டாது.

நான் செய்தது அதுதான். விண்டோஸ் எஸ்எஸ்டியில். அதை எழுப்புகிற துண்டு பழைய டிஸ்க்கில். அந்த ஊர்க்காரர்கள் தெரிந்து, பேசி, முறை வைத்துச் செய்த ஏற்பாட்டை நான் தெரியாமல் மிஷினுக்குள் செய்துவைத்திருந்தேன். பெட்டி ஓரிடம், சாவி ஓரிடம்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு நொடி வேலை.

6. பாறையிலிருந்து ஒரு போன்

அங்கே சிக்னல் கிடைப்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையில்தான். ஏறி நின்று குமரேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். சரிசெய்துவிடுவேன் என்றும், கூட்டத்தில் காரணத்தைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

“சரி பண்ணு. காரணம் கேட்டா கரன்ட்டு மேல போட்டுடு,” என்றார். “மலையில கரன்ட்டு எப்டி வருதுன்னு அவங்களுக்கே தெரியும். நம்ம மேல போட்டுக்கினா நாளைக்கு ஒருத்தன் மிஷின எறக்குவானா?”

அண்ணன் மோசமான ஆள் இல்லை. வேலையில் எனக்குச் சுதந்திரம் கொடுத்தவர். கரன்ட் மேல் போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நானும் போன மாதம் ‘வோல்டேஜ்?’ என்று எழுதியவள்தானே.

“கரன்ட்டுன்னு சொன்னா அக்கா மேல இருக்கற சந்தேகம் போகாதுண்ணா. டிஸ்க் வெளிய போற நாளாப் பாத்து மட்டும் கரன்ட்டு எப்டி மிஷின நிறுத்தும்னு கேப்பாங்க.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“உன் இஷ்டம். கடை பேர மட்டும் இழுக்காத.”

சரி என்றேன். ஆபீசுக்குத் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன், கேபினெட்டின் முன்பக்கத்திலேயே எங்கள் கடை ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது. ஒட்டியதும் நான்தான்.

வேலையைத் தொடங்கினேன். டிஸ்க் இல்லாமல் இருந்தது ஒரு விதத்தில் வசதி. தவறான இடத்தில் எழுத வழியே இல்லை. விண்டோஸ் பென் டிரைவைப் போட்டு ரிப்பேர் பகுதிக்குள் போய், எஸ்எஸ்டியிலேயே பூட் ஃபைலை எழுதும் கமாண்ட் கொடுத்தேன். எழுதிவிட்டதாகச் சொன்னது. பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.

மணி பத்தே முக்கால். அலமேலு அக்கா வாசலில் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கான தார்ப்பாய். தன்னை எடுக்கப் போகிற கூட்டத்துக்கு அவரே பாய் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நோட்டில் ஒரு புதிய பக்கம் எடுத்து, பட்டன் அழுத்தியதிலிருந்து என்ன நடக்கிறது என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். மூன்றாவதை எழுதும்போது விட்டது தெரிந்தது. அந்தப் பகுதியிலிருந்துதான் பூட் ஆக வேண்டும் என்று எஸ்எஸ்டிக்கு ஒரு குறி போட வேண்டும், ஆக்டிவ் என்பார்கள். ஃபைலை எழுதினேனே தவிர அந்தக் குறியைப் போடவில்லை. மறுபடி பென் டிரைவ், மறுபடி கமாண்ட், குறி, ரீஸ்டார்ட்.

விண்டோஸ் வந்தது. முழுதாக அணைத்து, பிளக்கையும் எடுத்து, மறுபடி ஆன் செய்தேன். வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. இந்த முறை எதையும் நினைப்பில் விட நான் தயாராக இல்லை.

7. பொன்னுசாமி ஐயா மடியில் டிஸ்க்

ஓடையில் தண்ணீர் வடிந்ததும் பொன்னுசாமி ஐயா வந்து சேர்ந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. மூடி போட்ட அலுமினியத் தூக்குக்குள், துண்டு சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்திருந்தார். துண்டு கொஞ்சமும் நனையவில்லை. டிஸ்க்கில் ஏன் தூசி இல்லை என்பதற்கு அந்தத் துண்டு ஒன்றே போதும். ஓடையைத் தாண்டும்போது தூக்கைத் தலைமேல் வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

கூட்டம் தொடங்கியதும் அவர்தான் முதலில் பேசினார்.

“நாலு மாசமா பாக்கறேன். மிஷின் எப்ப சாவுது? டிஸ்க்கு வெளிய போனாத்தான் சாவுது. வந்தா எழுந்து உக்காந்துக்குது. இன்னா, அதுக்கு டிஸ்க்கு மேல அவ்ளோ பாசமா?”

சிரித்தார்கள். அலமேலு அக்கா தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, குனிந்திருந்தார். தன்னைப் பற்றிய பேச்சையும் அவர்தான் எழுத வேண்டும்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கையில் நோட்டு இருந்ததால் பரவாயில்லை.

“ஐயா சொல்றது சரிங்க. டிஸ்க் போனாத்தான் மிஷின் நிக்குது. அதுக்குக் காரணம் அலமேலு அக்கா இல்ல, நான்.”

பூட் ஃபைல், ஆக்டிவ் என்றெல்லாம் சொல்லவில்லை. மிஷின் பெட்டி மாதிரி, அதைத் திறக்க ஒரு சாவி வேண்டும், நான் கடையில் வேலை செய்தபோது சாவியை உங்கள் டிஸ்க்கில் வைத்துவிட்டேன், வைத்தது எனக்கே தெரியாது, டிஸ்க் இல்லாமல் ஓடும் என்று சோதித்துப் பார்க்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன் என்றேன். கரன்ட் கோளாறு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இல்லாவிட்டால் பிறகு யாராவது அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள், அது நானாகவே கூட இருக்கலாம்.

பின்வரிசையில் ஒரு அம்மா, “இத்த நாலு மாசமா சொல்லாம இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்றார்.

“வயர் மாத்திக்கினு இருந்தேங்க,” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பொன்னுசாமி ஐயா மட்டும் சிரிக்கவில்லை. “இப்ப ஓடுமா?”

“ஓடும்ங்க. இந்தத் தடவ பாத்துட்டுத்தான் சொல்றேன். நீங்களும் பாருங்க.”

மிஷினை வாசலுக்கு எடுத்து வந்து மேஜைமேல் வைத்தோம். கதவைத் திறந்து காலி இடத்தை எல்லோருக்கும் காட்டினேன். டிஸ்க்கைப் பொன்னுசாமி ஐயா மடியிலேயே வைத்திருக்கச் சொன்னேன். பட்டனை நான் அழுத்தவில்லை. அலமேலு அக்காவை அழுத்தச் சொன்னேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாக இருந்தது. கறுப்பாக இருக்கும் நேரம் ஐந்தாறு நொடிதான். அன்று அது நீளமாக இருந்தது. அப்புறம் விண்டோஸ் வந்தது.

பொன்னுசாமி ஐயா தன் மடியைக் குனிந்து பார்த்தார், டிஸ்க் அங்கேதான் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல. பிறகு மிஷினை அணைத்து டிஸ்க்கை மாட்டினோம். பயாஸில் எஸ்எஸ்டிதான் முதலில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ஆன் செய்தேன். வந்தது. லிஸ்ட் ஃபைலைத் திறந்தோம். கடைசியாகத் திருத்திய தேதி போன கூட்டத்துத் தேதியாகவே இருந்தது. அதைத் திரையில் தொட்டுக் காட்டினேன். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து பார்த்தார்கள்.

“வாயால சொல்லிட்டுப் போய்ட்டா ஆறு மாசத்துல மறந்துடும்,” என்றார் பொன்னுசாமி ஐயா. “எழுத்துல வரணும்.”

அலமேலு அக்கா வழக்கப்படி பேனாவை எடுத்தார். ஐயா கையை நீட்டித் தடுத்தார்.

“நீ எழுதக் கூடாது. உன்னப் பத்தினது.”

புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரே எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, நேரம் எடுத்து. மிஷின் நின்றது அலமேலு செய்த காரியமில்லை, ரிப்பேர் செய்த பெண் செய்த தவறு, அந்தப் பெண்ணே வந்து ஒப்புக்கொண்டாள், அலமேலுவே தொடர்ந்து எழுதுவாள் என்று. அவ்வளவுதான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். நான்கு ஊர் சார்பிலும் நான்கு பேர் போட்டார்கள்.

புத்தகம் அலமேலு அக்காவிடம் திரும்பியது. அவர் அதை ஒரு முறை படித்தார். மறுபடி ஒரு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்து,

“மாமா, தேதி போடல,” என்றார்.

8. ஜாப் கார்டு

குமரேசன் அண்ணன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார். புதிதாக வரும் கஸ்டமர்களிடம் இன்னும் கரன்ட்டைப் பற்றித்தான் பேசுகிறார். அந்த நான்கு ஊரிலிருந்து அதற்குப் பிறகு மிஷின் ஏதும் ரிப்பேருக்கு வரவில்லை. அவர்கள் என்னை நம்பவில்லையா, அவர்களிடம் வேறு மிஷின் இல்லையா என்று எனக்குத் தெரியாது. அலமேலு அக்கா மட்டும் மாதக் கூட்டம் முடிந்ததும் பாறைக்கு ஏறிப் போன் செய்வார். டிஸ்க் முறை வீட்டுக்குப் போய்விட்டது, மிஷின் ஓடுகிறது. இவ்வளவுதான் விஷயம். வைத்துவிடுவார்.

ஒரே டிஸ்க்கை ஓடை தாண்டிச் சுமப்பது ஆபத்து, இன்னொரு காப்பி வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். காப்பி இருந்தால் எது அசல் என்ற பேச்சு வரும் என்றார்கள். கடைசியில் இரண்டாவது டிஸ்க் ஒன்றையும் முறையில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே ஊருக்குப் போகக் கூடாது, கூட்டத்தில் இரண்டையும் எல்லோர் முன்னாலும் ஒப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய ஆபீஸ்களில்கூட இவ்வளவு ஒழுங்கான பேக்கப் முறையை நான் பார்த்ததில்லை.

என் வேலையில் மாறியவை இரண்டு. விண்டோஸ் ஏற்றும்போது ஏற்றுகிற டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிடுகிறேன். முடித்த பிறகு ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்துவிட்டு ஆன் செய்து பார்க்காமல் ‘ஓகே’ என்று வட்டம் போடுவதில்லை.

மூன்றாவதாக ஒன்று ஜாப் கார்டில் இருக்கிறது. ‘புதிதாக என்ன செய்தீர்கள்?’ என்று அச்சடித்த கேள்விக்குக் கீழே நான் பேனாவால் இன்னொன்று எழுதுகிறேன்: ‘எப்போதும் என்ன செய்வீர்கள்?’ புதிதாகச் செய்ததை நாம் கேட்காமலே சொல்லிவிடுவார்கள், அதில்தான் அவர்களுக்கே சந்தேகம் இருக்கும். தினமும் செய்வதை நாம் கேட்டால்தான் சொல்வார்கள். அதில் தப்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது, நமக்கும் தோன்றாது.

இந்தக் கேள்வியைக் கேட்டால் மனிதர்கள் நிறையப் பேசுகிறார்கள். காவலூரிலிருந்து லேப்டாப் கொண்டுவந்த ஒருவர் போன வாரம் அரை மணி நேரம் சொன்னார். மூடியதும் ஜன்னல் ஓரம் வைப்பது, சாம்பிராணி காட்டுவது, சார்ஜரைத் தங்கையிடம் கொடுத்து அனுப்புவது எல்லாம் வந்தது. கோளாறு வேறு எங்கோ இருந்தது. இருந்தாலும் ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.